காலடிக் கருங்கல் யாருடையது?

பனியன் நகரம் என்று பாரெல்லாம் பேசும் திருப்பூரைப் பற்றி எழுதுவோர் பஞ்சைப் பற்றி எழுதுவர்; நூலைப் பற்றி எழுதுவர்; சாயத்தைப் பற்றிச் சலிக்கச் சலிக்க எழுதுவர். பஞ்சு மெல்லியது, பறப்பது. எழுதுவோர் பார்வையும் அதனோடு பறந்துவிடுகிறது. பறக்காமல், அசையாமல், நகரம் முழுவதையும் முதுகில் சுமந்து கிடக்கும் பொருளொன்று உண்டு. அதைப் பற்றி எழுதுவார் இலர். அதுதான் நம் காலடியில் கிடக்கும் கருங்கல்!

பின்னலாடைக் கூடத்தின் கடைக்காலில் அது கிடக்கிறது. தொழிலாளி குடியிருக்கும் லைன் வீட்டின் வாசற்படியாக அது கிடக்கிறது. ஜல்லியாகித் தார்ச்சாலையில் புதைந்திருக்கிறது. பொடியாகி, எம்.சாண்ட் என்னும் புதுப்பெயர் பூண்டு, ஆற்று மணலின் இடத்தில் அமர்ந்திருக்கிறது. காட்டு வேலிக்கு நட்ட கல்லுக்கால் அது. ஆட்டுக்கல்லும் அம்மியும் அது. ஊர்க் கோடியில் எவனோ ஒரு வீரனுக்கு என்றோ நாட்டிய நடுகல்லும் அதுவே. அவிநாசிச் சாலையில் திருமுருகன்பூண்டியைக் கடக்கையில் சற்றுச் செவிசாய்த்தால், உளியோசை கேட்கும். வண்டி வேகத்தில் அதைக் கேளாமலே கடந்துவிடுகிறோம்.

இக்கல்லின் கதையை இந்த ஞாயிற்றுக்கிழமை சொல்ல முற்படுகிறோம். கல்லில் என்ன அரசியல் இருக்கிறது என்று கேட்கும் தோழர்கள் உளர். அவர்கள் இக்கட்டுரையின் பிற்பகுதி வரையில் பொறுத்தருள வேண்டும்.

கிரானைட் என்பது யாது? நிலத்தினடியில், பல கிலோமீட்டர் ஆழத்தில், உருகிக் கிடந்த பாறைக் குழம்பு மெல்ல மெல்லக் குளிர்ந்து இறுகியது. எரிமலை வாய்வழியே வெளியே கொட்டும் குழம்பு விரைந்து குளிர்ந்துவிடும். பரல்கள் வளர அதற்கு நேரமில்லை. ஆழத்தில் அடைபட்ட குழம்போ இலட்சக்கணக்கான ஆண்டுகள் எடுத்துக் குளிர்கிறது. பரல்கள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர்கின்றன. உடைத்த கல்லொன்றை எடுத்து வெயிலில் திருப்பிப் பாருங்கள். கண்ணாடிச் சில் போல் மங்கலாக ஒளிர்வது குவார்ட்ஸ். வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ தட்டை முகம் காட்டுவது ஃபெல்ட்ஸ்பார். கறுத்து மின்னி, நகத்தால் பெயர்த்தால் ஏடேடாக உரிவது, நம் பாட்டிமார் காக்காய்ப்பொன் என்ற மைக்கா. இம்மூன்றும் ஒன்றின் விரலோடு ஒன்று விரல் கோத்தாற்போல் பின்னிக் கிடக்கின்றன. பனியன் துணிக்குப் பின்னல் எப்படியோ, கருங்கல்லுக்குப் பரல்களின் பின்னல் அப்படி! அதனாலேயே ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின்மீது 1,000 கிலோவுக்கு மேற்பட்ட பளுவை ஏற்றினாலும் நல்ல கிரானைட் நொறுங்குவதில்லை. நீரில் ஊறப் போட்டாலும் தன் எடையில் நூற்றில் அரைப்பங்கு நீரைக்கூடக் குடிப்பதில்லை. 1010-ஆம் ஆண்டில் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் ஆயிரம் மழைக்காலங்களைக் கண்டும் நிற்பது, கட்டியவனின் திறத்தால் மட்டுமன்று, கல்லின் திறத்தாலும்தான்.

ஆனால், கடையில் கிரானைட் என்று விற்கப்படுவதெல்லாம் கிரானைட் அன்று. கொங்கு நாட்டின் அடித்தளப் பாறையில் பெரும்பகுதி நைஸ் என்னும் வரிவரியான பாறையும், சார்னோகைட் என்னும் கருநீலப் பாறையும் ஆகும். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட பாறைகள் இவை. ஆழத்தின் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து, நெளிந்து, மறுபிறப்பெடுத்தவை. தீரன் சின்னமலையை வெள்ளையர் 1805-இல் தூக்கிலிட்ட சங்ககிரியின் மலையோ, ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றிய உண்மையான கிரானைட். முந்திய பாறைகளோடு ஒப்பிட்டால் அது நேற்றுப் பிறந்த குழந்தை! வணிகருக்கு இந்த வேறுபாடு வேண்டியதில்லை. மெருகேறினால் போதும், எல்லாம் கிரானைட்டே.

பெயர் என்று வந்துவிட்டதால் ஒன்று சொல்லவேண்டியிருக்கிறது. சார்னோகைட் என்று உலகப் பாறையியல் நூல்கள் எல்லாம் எழுதுகின்றனவே, அந்தச் சொல் எங்கிருந்து வந்தது? கல்கத்தா நகருக்கு அடிகோலியவராகச் சொல்லப்படும் கம்பெனி வணிகர் ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறையிலிருந்து! அக்கல்லறைமீது பதித்த பலகைக்கல், சென்னைப் பக்கத்துப் பல்லாவரம், பரங்கிமலை வட்டாரத்துக் கல். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலண்ட் 1893-இல் அந்தப் பாறைவகைக்குப் பெயர் தேடியபோது, வெட்டிய கைக்குப் பெயர் வைக்கவில்லை. விளைந்த ஊருக்குப் பெயர் வைக்கவில்லை. அதன் அடியில் படுத்திருந்தவருக்கு வைத்தார்! பல்லவர் குடைந்த கல், பல்லாவரத்து மலையில் பிறந்த கல், ஒரு கம்பெனி வணிகரின் பெயரால் உலகை வலம் வருகிறது. ஹாலண்ட் பெரும் அறிஞர். அவர் ஆய்வைக் குறைகூற நாம் எழுதவில்லை. ஆனால் இந்த வழக்கம் அவரோடு நின்றுவிட்டதா? மதுரை மாவட்டத்து மேலூர்ப் பக்கத்தில் வெட்டிய வெள்ளைக் கல்லைக் 'காஷ்மீர் ஒயிட்' என்றன்றோ அயல்நாட்டில் விற்கிறார்கள்! மேலூர் என்று சொன்னால் விலை குறைந்துவிடுமாம்.

கொங்கு மண்ணின் பாறைக்குள் இன்னும் வியப்புகள் உண்டு. காங்கயத்தை அடுத்த சிவன்மலைக்கு ஆண்டுதோறும் எத்தனை ஆயிரம் பேர் படியேறுகின்றனர்! அம்மலைப் பகுதிப் பாறையைத் தனிவகையாகப் பிரித்து ஹாலண்ட் 1901-இல் எழுதினார். பார்வைக்குக் கருங்கல் போலவே இருக்கும் அதில், குவார்ட்ஸ் பரல் ஒன்றுகூட இல்லாத பகுதிகள் உண்டு. நெஃபலின் என்னும் கனிமம் அவற்றில் இருக்கிறது. நெஃபலின் உள்ள இடத்தில் குவார்ட்ஸ் உண்டாக இயலாது என்பது இயற்கையின் விதி. குருந்தக்கல் விளைவதும் அவ்வட்டாரத்தில்தான். வைரத்துக்கு அடுத்த கடினம் அதற்கு.

அதற்கு அருகிலேயே படியூர். உருகிய குழம்பு குளிர்ந்து கிரானைட் ஆகும்போது, கடைசியில் எஞ்சும் சாறு பாறைப் பிளவுகளில் புகுந்து உறையும். அந்தக் கடைசிச் சாற்றில் அருமையான தனிமங்கள் திரண்டிருக்கும்; பச்சையும் நீலமும் கலந்த பெரில் என்னும் மணி அதில்தான் பிறக்கிறது. 1819, 1820 ஆண்டுகளில் படியூரில் ஆங்கிலேயர் ஒருவர் தோண்டி, 2,000-க்கும் மேற்பட்ட மணிகளை எடுத்துச் சென்றார். அவருக்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நொய்யற்கரைக் கொடுமணலில் நம்மவர் அதே மணியைப் பட்டை தீட்டினர். 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கு அகழ்ந்தபோது மணிகள் செய்த பட்டறைகளின் தடயங்கள் கிடைத்தன; இரும்பும் எஃகும் செய்த உலைகள் கிடைத்தன. பதிற்றுப்பத்து அவ்வூரின் அணிகலன்களைக் குறிப்பிடுகிறது. வெள்ளலூரிலும் கத்தாங்கண்ணியிலும் கிடைத்த ரோமானிய நாணயங்கள், இவ்வட்டாரத்தின் பண்டங்களுக்குக் கடல்கடந்த சந்தை இருந்ததைக் காட்டுகின்றன. கொங்கு நாட்டின் ஏற்றுமதித் தொழில் பனியனோடு தொடங்கியதன்று, தோழர்களே! கல்லோடு தொடங்கியது.

கொடுமணலின் ஈமக்காட்டையும் ஒருமுறை சென்று பாருங்கள். ஆளுயரப் பலகைக்கற்களை நான்கு புறமும் நிறுத்தி, மேலே மூடுகல் இட்டுச் செய்த கற்பதுக்கைகள். வெடிமருந்து இல்லை, பாரந்தூக்கி இல்லை. எப்படிப் பிளந்தனர்?

பாறையைப் படித்தவர்களாக இருந்தனர் என்பதே விடை. ஆழத்தில் நசுங்கிக் கிடந்த பாறை, மேலிருந்த மண்ணும் கல்லும் காலத்தால் கரைந்து போனதும் மூச்சு விட்டாற்போல் விரிகிறது. வெங்காயத் தோல் போல் நிலமட்டத்துக்கு இணையாகப் பிரிகிறது. இப்பிரிவுகளை அறிந்து பாறைமீது தீ மூட்டினால், மேலடுக்கு சூடேறி விரிந்து தட்டாகப் பிளக்கும். பரல்கள் எத்திசையில் படுத்திருக்கின்றன என்று பார்த்து, அத்திசையில் வரிசையாகக் குழியடித்து ஆப்பு இறக்கினால், சுவர் போல் நேராகப் பிளக்கும். சிற்பிகளிடம் ஆண்கல், பெண்கல் என்றொரு பாகுபாடு உண்டு; தட்டினால் வெண்கல மணிபோல் ஒலிப்பது ஆண்கல் என்பர். இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட நாமும் ஒரு காலத்தில் எண்ணியதுண்டு. பெயரில் என்ன இருந்தாலும், சோதனை மெய்யானது. உள்ளே விரிசல் உள்ள கல்லில் ஒலி சிதறும். விரிசலற்ற கல்லில்தான் ஒலி நீடிக்கும். இன்று பொறியாளர் கருவிகொண்டு பாறைக்குள் ஒலியலை செலுத்தி அறிவதை, சுத்தியலும் செவியும் கொண்டு அறிந்தார்கள்.

அந்த அறிவுக்கு உரியவர்கள் யார்? கொங்கு நாட்டின் கிணறுகள் ஒவ்வொன்றும் பாறையைக் குடைந்து இறக்கியவை. அவற்றில் எத்தனையோ கிணறுகளை வெட்டியவர்கள் போயர் குலத்து ஆண்களும் பெண்களும். கிணறு வெட்டியவருக்குக் காணி நிலம் இல்லை. கோயிலுக்குக் கல் சுமந்தவருக்குக் கோயிலின் கல்வெட்டில் பெயர் இல்லை. இன்று அவர்தம் பேரர் குவாரிக் குழியில் துளைக்கருவியைப் பிடித்து நிற்கிறார். அவரோடு வடமாநிலத்திலிருந்து வந்த தோழரும் நிற்கிறார்.

அவர் மூச்சில் என்ன போகிறது என்று கேளுங்கள். கருங்கல்லில் கால்பங்கு அளவுக்குக் குவார்ட்ஸ் இருக்கும். அது தூசாகும்போது கண்ணுக்குத் தெரிவது தும்மலோடு வெளியேறிவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்துகளே நுரையீரலின் கடைக்கோடி வரையில் சென்று தங்குகிறது. நுரையீரல் அதைக் கரைக்க முயன்று முயன்று தானே தழும்பாகிறது. சிலிகோசிஸ் என்பது நோயின் பெயர். தழும்பை நீக்க மருந்தில்லை. தூசியைத் தடுக்க மட்டும் வழியுண்டு. துளைக்கும்போது நீர் பாய்ச்சுதல், நொறுக்கும் எந்திரத்தை மூடி வைத்தல், தூசியை உறிஞ்சும் குழாய் அமைத்தல். இவை ஒன்றும் விண்வெளிப் பயணம் அன்று. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் அட்டவணையிலேயே அறிவிக்கப்பட வேண்டிய நோயாக இது இடம்பெற்றது. ஆனால், இருமும் தொழிலாளியைக் காசநோய் என்று சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்புவதே பல இடங்களில் நடப்பு. காசநோய்க்கு முதலாளி பொறுப்பில்லை; சிலிகோசிஸுக்கு இழப்பீடு உண்டு. ஒரு சொல்லின் மாற்றத்தில் ஒரு குடும்பத்தின் உரிமை போகிறது!

வெடி வைக்கும் கல் குவாரிக்கு 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் செல்லுபடியாயிற்று என்பதைக்கூட நம் தோழர் பலர் அறியார். குவாரி என்றால் ஏதோ காட்டில் நடக்கும் கைத்தொழில் என்று எண்ணிவிட்டோம். அந்தச் சட்டமும் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் கரைக்கப்பட்டுவிட்டது. பழைய சட்டத்தைப் பயன்படுத்தக் கற்பதற்குள் அது போயிற்று. புதியதையேனும் பாடம் செய்தாக வேண்டும்.

இனி, கல் யாருடையது என்ற கேள்விக்கு வருவோம்.

1957-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம், கட்டடக் கல்லைச் சிறுகனிமம் என்று வகுத்து, அதற்கு விதி செய்யும் அதிகாரத்தை மாநிலங்களுக்கு விட்டது. அதன்படி 1959-இல் நம் மாநிலத்தின் சிறுகனிமச் சலுகை விதிகள் வந்தன. இவ்விதிகளில் 8-சி என்றொரு விதி 1977 டிசம்பரில் சேர்க்கப்பட்டது. கருப்புக் கிரானைட்டைத் தனியாருக்குக் குத்தகைக்கு விடுவதில்லை. அரசோ அரசு நிறுவனமோதான் வெட்டலாம் என்பது அதன் சாரம். குத்தகைதாரர்கள் நீதிமன்றம் சென்றனர். 1981-இல் உச்ச நீதிமன்றம், ஹிந்த் ஸ்டோன் வழக்கில், விதி செல்லும் என்றது. ஆறும் காடும் கனிமமும் நாட்டின் செல்வம், அவற்றை எந்த ஒரு தலைமுறையும் தின்று தீர்த்துவிடலாகாது, வரும் தலைமுறைகளுக்கு அவற்றைக் காத்தளிக்கும் கடமை ஒவ்வொரு தலைமுறைக்கும் உண்டு என்ற கருத்தை நீதியரசர் சின்னப்ப ரெட்டி அத்தீர்ப்பில் எழுதினார். மண்டபத்தில் நின்று முழங்கும் பேச்சாளனின் முழக்கமன்று அது; நாட்டின் உச்ச நீதிமன்றம் எழுதிய சொல்!

எழுதிய சொல் நிற்கிறது, கல் நிற்கவில்லை. கருப்புக் கல்லுக்குத்தான் அந்த விதி. வண்ணக் கல்லுக்கு வாயில் திறந்தே இருந்தது. மதுரை மாவட்டத்தில் என்ன நடந்தது என்பதை நாடறியும். 2012-இல், அம்மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த உ. சகாயம், கிரானைட் முறைகேட்டால் அரசுக்கு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்று அறிக்கை அனுப்பினார். 2014-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவரையே ஆய்வு ஆணையராக அமர்த்தியது. 2015 நவம்பரில் அவர் அறிக்கை அளித்தார். மலைகள் மறைந்தன, கண்மாய்கள் மறைந்தன என்ற செய்திகளைப் படித்து நாம் கொதித்தோம். ஆனால் மதுரையில் மறைந்தவை மெருகேறும் மலைகள், கப்பலேறும் மலைகள், ஆகவே ஏடுகளின் முதற்பக்கம் ஏறின. திருப்பூரைச் சுற்றி மறைபவை ஜல்லியாகும் பாறைகள். அவை ஓசையின்றி மறைகின்றன.

ஓசையின்றி என்று எழுதியது பிழை. வெடியோசை கேட்கிறது! பல்லடம் வட்டத்துக் கோடங்கிபாளையத்தில் அண்மை ஆண்டுகளில் குவாரிகளை எதிர்த்து உழவர்கள் போராடியது அந்த ஓசையைக் கேட்டுத்தான். குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல்லுடைக்கக் குத்தகை தரலாகாது என்று விதி இருக்கிறது. ஐந்து ஹெக்டேருக்கும் குறைந்த குவாரியானாலும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் தீபக் குமார் வழக்கில் சொல்லியிருக்கிறது. விதிக்குப் பஞ்சமில்லை. ஒரே நடைச்சீட்டில் பல நடை ஓடும் டிப்பர் லாரிக்கும் பஞ்சமில்லை. எக்கொடி பறந்த நாளிலும் குழி ஆழமாகிக்கொண்டேதான் வந்தது. இதை நம் கட்சி ஏட்டில் எழுதுவதற்கு நமக்குக் கூச்சமில்லை.

பட்டா நிலத்தில் அவரவர் வெட்டிக்கொள்கிறார், ஊருக்கு என்ன வந்தது என்று வாதிடுவோர் உண்டு. நிலத்துக்குரியவருக்கே நிலத்தடிக் கனிமமும் உரியது, சட்டம் பறிக்காத வரையில், என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் கேரளத்து வழக்கொன்றில் கூறியதையும் காட்டுவர். நல்லது. ஆனால் அந்த வாதம் பாறையை அறியாதவரின் வாதம்!

கொங்கு நாட்டின் நிலத்தடி நீர் மணற்படுகையில் கிடப்பதன்று. மேலே சில மீட்டர் மக்கிய பாறை. அதன்கீழ் கெட்டிப் பாறை. கெட்டிப் பாறைக்குள் நீர் இல்லை. அதன் வெடிப்புகளில்தான் நீர் ஓடுகிறது. ஒருவர் கிணற்றில் ஊறும் நீர், அரைக் கல் தொலைவிலிருந்து ஒரு வெடிப்பு வழியே வந்ததாக இருக்கலாம். இடையில் ஒருவர் நூறடி ஆழத்துக்குக் குழி வெட்டினால், அந்த வெடிப்பின் நீர் முழுவதும் குழிக்குள் கொட்டும். குவாரிக்காரர் மோட்டார் வைத்து இறைத்து ஓடையில் விடுவார். பக்கத்துக் காட்டின் தென்னை காயும். காட்டின் மூலையில் நட்டிருக்கும் சர்வே கல்லும் அதே பாறையில் வெட்டியதுதான். ஆனால் பாறைக்குள் ஓடும் வெடிப்பு சர்வே கல்லைப் பார்த்து நிற்பதில்லை. மேல்மண்ணுக்குப் பட்டா உண்டு. வெடிப்புக்குப் பட்டா கொடுத்த தாசில்தார் எவர்?

இப்பாடத்தைத் திருப்பூர் ஒருமுறை கண்ணீரோடு கற்றது. நொய்யலின் குறுக்கே 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்கென்று கட்டப்பட்டுச் சாயநீர்த் தேக்கமாயிற்று. அந்நீர் வெடிப்புகளின் வழியே கிணறு கிணறாகச் சென்றது. இளநீர் கரித்தது. உழவர்கள் வழக்காடினர், 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட ஆணையிட்டது. ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேலையிழந்து மூட்டை கட்டியதை நாம் மறந்துவிடவில்லை. பாறையைப் படிக்காமல் தொழிலை வளர்த்ததற்கு விலை கொடுத்தவர் யார்? முதலில் உழவர், பின்னர் தொழிலாளி.

படித்த பாடம் நினைவில் நின்றதா? கல்லெடுத்து முடித்த பாறைக்குழிகளைப் பாருங்கள். மழை பெய்தால் நிறைகின்றன, குளிக்கப் போன சிறுவர் மூழ்குகின்றனர், ஊர் அழுகிறது, மறக்கிறது. மாநகராட்சிக்கோ அக்குழி வேறொன்றாகத் தெரிந்தது: குப்பைக்கு இலவசத் தொட்டி! நகரின் குப்பை லாரி லாரியாகப் பாறைக்குழிகளில் கொட்டப்பட்டது. 2025-இல் முதலிபாளையத்து மக்கள் இதை எதிர்த்து எழுந்தனர். இடுவாய் ஊராட்சிச் சின்னக்காளிபாளையத்திலும் மாநகரக் குப்பையை எதிர்த்துப் போராட்டம் மூண்டது. நகரத்தின் குப்பைக்கு இடம் வேண்டாவா என்று கேட்போர்க்கு ஒன்று சொல்வோம். வேண்டும். ஆனால் நிலத்தில் இருக்கும் இடங்களுள் குப்பைக்கு ஆகவே ஆகாத இடம் பாறைக்குழி. மேல்மண் இல்லை, மக்கிய பாறை இல்லை, வடிகட்ட ஒன்றுமே இல்லை. வெடி வைத்து வைத்துப் புதிய விரிசல்களும் உண்டாக்கி, வெடிப்புகளின் வாயைத் திறந்து வைத்திருக்கிறோம். அந்த வாயில் குப்பைச் சாற்றை ஊற்றினால், ஒரத்துப்பாளையத்தின் கதையை மீண்டும் முதலிலிருந்து எழுத வேண்டியதுதான்.

கல்லே எடுக்காதே என்பதா நம் கட்சி? அன்று! வீடில்லாத் தொழிலாளிக்கு வீடு வேண்டும். வீட்டுக்குக் கல் வேண்டும். எவர் எடுப்பது, எவ்வளவு எடுப்பது, எடுத்தபின் குழியை என்ன செய்வது என்பதே கேள்வி. அதற்கு விடை காண அயல்நாட்டுக்குப் போகவேண்டியதில்லை. புதுக்கோட்டைக்குப் போனால் போதும். 1990-களின் தொடக்கத்தில் அம்மாவட்டத்தில் கல் குவாரிகள் ஏழைப் பெண்களின் குழுக்களுக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. அதுவரையில் குத்தகைதாரருக்குக் கூலிக்குக் கல்லுடைத்த பெண்கள், தாமே குத்தகைதாரர் ஆயினர், கணக்கு எழுதினர், அரசுக்குச் செலுத்த வேண்டியதைச் செலுத்தினர், கூலியும் உயர்ந்தது. பழைய குத்தகைதாரர்கள் சும்மா இருக்கவில்லை. பெண்கள் கையில் குவாரி நீடிக்கவும் விடவில்லை. எனினும் செய்ய இயலும் என்பது மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது. முடியாது என்று இனி எந்த அதிகாரியும் நம்மிடம் சொல்ல இயலாது.

வருவாயும் நம் கைக்கு எட்டாததன்று. 2024 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வில், எண்மர் ஒருமித்து, கனிம நிலத்தின்மீது வரி விதிக்கும் உரிமை மாநிலங்களுக்கு உண்டு என்றனர். மாநில உரிமைக்குக் கிடைத்த வெற்றி இது, நாம் மகிழ்ந்தோம். அவ்வாண்டு இறுதியில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் கனிம நிலவரிச் சட்டம் இயற்றியது; 2025 ஏப்ரலில் வரி நடைமுறைக்கு வந்தது; கிரஷர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். வேலைநிறுத்தம் என்னும் நம் சொல்லை அவர்கள் எடுத்துக்கொண்டதில் நமக்கு வருத்தமில்லை. குவாரியால் தூசி தின்னும் ஊருக்கு அந்த வரியில் எவ்வளவு வந்தது என்று கேட்பதே நம் வேலை. பாதிக்கப்பட்ட மக்களுக்கென்றே மாவட்டக் கனிம அறக்கட்டளை என்றொன்றை 2015-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் உண்டாக்கியது. உங்கள் ஊர் மருத்துவமனைக்கு அதிலிருந்து ஊடுகதிர்ப் படக் கருவியேனும் வந்ததா?

ஆகவே தோழர்களே, அடுத்த கிராமசபைக்குச் செல்லும் முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஊராட்சியில் உள்ள ஒவ்வொரு குவாரிக்கும் சுரங்கத் திட்டமும் சுற்றுச்சூழல் அனுமதி ஆணையும் இருந்தாக வேண்டும். கனிமவளத் துறையில் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் நகல் கேளுங்கள். அவற்றில் எல்லாம் படிக்க வேண்டா. மூன்று எண்களைப் பாருங்கள். எத்தனை ஏக்கர், எத்தனை மீட்டர் ஆழம், எந்தத் தேதியில் குத்தகை முடிகிறது. கைவிட்ட பின் குழியைச் சுற்றி வேலி போடுவதாகவும் கரை அமைப்பதாகவும் எழுதிக் கையொப்பம் இட்டிருப்பார்கள். அந்தப் பக்கத்தையும் தனியே எடுத்து வையுங்கள். அம்மூன்று எண்களையும் ஊர்ப் பொதுச் சுவரில், இரண்டடி எழுத்தில், குவாரிக்குப் போகும் லாரி ஓட்டுநருக்கும் தெரியும்படி எழுதுங்கள். சுண்ணாம்புக்கும் நீலத்துக்கும் காசில்லாத கிளைகள் மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போட்டால் போதும்.